முன்னால் நடப்பவர்

ஒரு விடுகதை போடுகிறேன், பதில் சொல்லுங்கள் பார்ப்போம். கூட்டத்துக்கு முன்னால் போவார், ஆனால் வழிகாட்டி இல்லை. அவர் நின்றால் எல்லோரும் நிற்பார்கள், ஆனால் அதிகாரி இல்லை. அவர் கிளம்பும்போது கை தட்டுவார்கள், ஆனால் எதிலும் ஜெயித்தவர் இல்லை. யார் அவர்? தெரியவில்லையா? வெள்ளக்குளத்தின் கரையில் ஞாயிற்றுக்கிழமை காலை நடக்கிற யாரைக் கேட்டாலும் உடனே சொல்லிவிடுவார்கள். வந்திருப்பவர்களில் ரொம்ப மெதுவாக நடப்பவர் யாரோ அவர். வெள்ளக்குளம் நடைப்பயிற்சிச் சங்கத்தில் அவரைத்தான் முன்னால் விடுவது வழக்கம். மற்றவர்கள் எத்தனை வேகக்காரர்களாக இருந்தாலும் அவரைத் தாண்டக் கூடாது. யாரும் அவரைத் தாண்டவில்லை என்றால் யாரும் பின்தங்கவும் மாட்டார்கள் அல்லவா, அதுதான் சூட்சுமம். சங்கத்தின் தலைவர் தண்டபாணிக்கு அந்தச் சூட்சுமத்தின்மேல் அத்தனை கர்வம். போன மாதம் வரைக்கும்.

இன்றைக்கு முன்னால் நடப்பவர் ராஜமாணிக்கம். அரசு பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், வலது முழங்காலில் நீர் கோத்து வீங்கியிருக்கிறது, அதைச் சுற்றி மருந்துக்கடையில் வாங்கிய பழுப்பு நிறப் பட்டி. தண்டபாணி வழக்கம்போல அவர் தோளில் கை வைத்து முன்னுக்குக் கொண்டுவந்து நிறுத்தினார், கூட்டம் வழக்கம்போலக் கை தட்டியது, ராஜமாணிக்கம் வாயில் இல்லாத விசிலை ஊதி, "ஏறினவங்கெல்லாம் உள்ள போங்க, படியில நிக்காதீங்க" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், நடை தொடங்கிவிட்டது. தண்டபாணி சிரிக்கவில்லை. அவர் காது பின்னால் இருந்தது. பின்னால், கரை தொடங்குகிற இடத்தில், சரசக்கா டீக்கடைக்கு எதிரில் ஒரு சிமெண்ட் பெஞ்சு, அதில் அவர் மகள் மிருதுளா உட்கார்ந்திருக்கிறாள், மடியில் ஒரு கதைப்புத்தகம், தரையைத் தொடாமல் தொங்குகிற இரண்டு கால்கள், அவற்றில் இடது காலின் ஷூவுக்கு மட்டும் அடிப்பாகம் தடிமன். பிறவியிலேயே அந்தக் கால் கொஞ்சம் குட்டை, கோயமுத்தூரில் அளவெடுத்துச் செய்த ஷூ. "நீங்க போயிட்டு வாங்கப்பா, நான் இங்கயே உக்காந்துக்கறனுங்க" என்றாள். வரமாட்டேன் என்று சொல்லவில்லை. இங்கேயே உட்கார்ந்துகொள்கிறேன் என்றால் வரமாட்டேன் என்றுதானே அர்த்தம்? இல்லை, அப்படியும் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை, இப்போது மதகு வரைக்கும் போய்த் திரும்பி வந்து டீ குடித்துவிட்டு, அப்புறம் வாய்க்கால் பாதையில் இரண்டாவது நடை இருக்கிறது, அதற்கு வரலாம், திரும்பி வந்ததும் கேட்க வேண்டும். கேட்பதற்குத்தான் கூட்டிவந்தது. அவர் மனைவி சுகந்தி நேற்று துணி மடித்துக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் சொன்னாள், "நீங்களே கூட்டிட்டுப் போங்க, நீங்களே கேளுங்க. இன்னிக்கும் மாட்டேன்னுட்டா அப்புறம் நான் அவளை நட நடன்னு இம்சை பண்ண மாட்டனுங்க." சுகந்தி ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். பள்ளிக்கூடத்தில் அணைக்குச் சுற்றுலா போனார்கள், அங்கே நிறைய நடக்க வேண்டுமாம் என்று மிருதுளா போகவில்லை. முன்பெல்லாம் தெருமுக்கிலேயே வண்டியை விட்டு இறங்கித் தோழிகளோடு போவாள், இப்போது பள்ளி வாசல் கேட்டை ஒட்டி நிறுத்தச் சொல்கிறாள். பத்து வயசுப் பெண். ஒவ்வொரு இடமாக வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் வீட்டில் கூடத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவில் மட்டும் நடக்கிறவளாக ஆகிவிடுவாளோ. காலில் ஒரு கல் இடறியது. தண்டபாணி குனிந்து பார்த்துக்கொண்டு நடந்தார். கரையில் புதிதாகச் சரளைக்கல் போட்டிருந்தார்கள், பின்னால் வருகிற அத்தனை பேருடைய செருப்பும் ஷூவும் அதில் ஒரே சத்தமாக அரைபட்டன, சரக் சரக், சரக் சரக். முன்னால் போகிறவருக்கு இந்தச் சத்தம் எப்படிக் கேட்கும்? இத்தனை வருஷம் அவர் அதை யோசித்ததே இல்லை. முன்னால் போகிறவருக்கு நாம் யாரும் தெரிய மாட்டோம், சத்தம் மட்டும்தான் தெரியும். அவருக்காக நாம் மெதுவாக நடக்கிறோம் என்பது அந்தச் சத்தத்திலேயே இருக்கிறது, இப்போதுதான் புரிகிறது, வைக்க வேண்டிய இடத்தில் காலை வைக்க முடியாமல் பாதியில் நிறுத்தி வைக்கிற சத்தம், பொறுத்துக்கொள்கிற சத்தம்.

இந்த ஏற்பாடு எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் தண்டபாணி கடையில் மோட்டார் பம்பு வாங்க வந்தவர்களை நிறுத்தி வைத்துக்கூடச் சொல்வார். ஆரம்பத்தில் அவரவர் வேகத்தில்தான் நடந்தார்கள். ஒருநாள் தையல்காரர் குப்புசாமி பின்தங்கி, மயக்கமாக வந்து கரைச் சரிவில் உட்கார்ந்துவிட்டார், யாருக்கும் தெரியாது, இவர்கள் டீ குடித்துக் கதை பேசிக் கலைந்தும் போய்விட்டார்கள், வெயில் ஏறின பிறகு அவர் மகன் தேடிக்கொண்டு வந்தான். உயிருக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கப்புறம் அவர் நடக்க வரவில்லை. அப்போதுதான் கமலவேணி டீச்சர் சொன்னார், நாங்க ஸ்கூல்ல வரிசை விடறப்ப குட்டிக் குழந்தையத்தான் முன்னால விடுவோம், நீங்களும் விட்டுப் பாருங்க. சொன்னது டீச்சர், பேர் வாங்கியது தண்டபாணி. பத்திரிகையில் உள்ளூர்ப் பக்கத்தில் படத்தோடு வந்தது. கை தட்டுகிற பழக்கம் அவர் சேர்த்தது. முன்னால் போகிறவர் சங்கடப்படக் கூடாது, கௌரவமாக நினைக்க வேண்டும், அதற்குத்தான். நினைத்தார்களா? கேட்டதில்லை. பெரியவர்கள் எதையாவது சொல்லிச் சமாளித்துக்கொள்வார்கள், ராஜமாணிக்கம் விசில் ஊதுகிறார், இன்னொருவர் ஓட்டுக் கேட்டுப் போகிறவர் மாதிரி கும்பிட்டுக்கொண்டே நடப்பார். சமாளிக்கிறார்கள் என்றால் சமாளிக்க அங்கே ஏதோ இருக்கிறது என்று ஏன் அவருக்குத் தோன்றவில்லை? குளத்தில் ஆகாயத்தாமரை அழுகி வாடை வந்தது. நீர்க்காகம் ஒன்று பட்ட மரத்தில் சிறகை விரித்துக் காயவைத்துக்கொண்டிருந்தது. மிருதுளா அன்றைக்கு அதைத்தான் முதலில் பார்த்தாள், "அப்பா, அது துணி காயப்போடற மாதிரியே நிக்குது பாருங்க" என்றாள். அன்றைக்கு என்றால் போன மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமை. அவளே கேட்டு வந்தாள், அதுதான். யாரும் வா என்று சொல்லவில்லை. வாரா வாரம், நானும் வரட்டுங்களா, நானும் வரட்டுங்களா. அவர் எழுவதற்கு முன்பே எழுந்து, விளக்குப் போடாமல், ஷூ நாடாவை முடிந்துகொண்டு ஹாலில் உட்கார்ந்திருந்தாள், இருட்டில் ஏதோ அசைகிறது என்று அவர் திடுக்கிட்டுப் போனார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து அவர் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டு, "உங்க பக்கத்துல நடக்கறனுங்கப்பா, செரிங்களா?" என்றாள். சரி என்றார். சரி என்று சொன்னார், சொல்லிவிட்டு, இங்கே வந்து கூட்டம் சேர்ந்ததும், அவள் தோளில் கை வைத்தார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். அப்பா கூட்டத்துக்கு நடுவில் தன் தோளில் கை வைக்கிறாரே என்று அவள் முகத்தில் ஒரு சந்தோஷம் வந்தது, அது எதற்கான கை என்று அவளுக்குத் தெரியாது. டீச்சர் மட்டும் கேட்டார், "பாப்பாவைக் கேட்டீங்களா?" "இதுல கேக்கறதுக்கு என்னங்க டீச்சர் இருக்குது, தலைவர் பொண்ணுக்கு ஒரு ரூல், ஊருக்கு ஒரு ரூலா?" எவ்வளவு உரக்கச் சொன்னார். எல்லோர் காதிலும் விழட்டும் என்றுதான் சொன்னார். தன் மகள் என்று சலுகை காட்டாத மனுஷன். கை தட்டினார்கள். குழந்தை என்பதால் வழக்கத்தைவிட அதிகமாகவே தட்டினார்கள். அவள் தன்னைச் சுற்றிப் பார்த்தாள், ஏன் தட்டுகிறார்கள் என்று. பிறகு குனிந்து தன் இடது காலைப் பார்த்தாள்.

"தலைவரே, ஏனுங்க பேச்சையே காணோம்?" ராஜமாணிக்கம் திரும்பாமல் கேட்டார். முன்னால் நடப்பவர் திரும்பினால் பின்னால் வருகிறவர்கள் முட்டிக்கொள்வார்கள், அதனால் அவர் குளத்தைப் பார்த்துப் பேசினார். "ஒண்ணுமில்லீங்ணா." "என்ற நடைக்கு நடக்கறதுக்கு உங்களுக்குத் தூக்கம் வந்திருக்கும். அந்தக் காலத்துல டவுன் பஸ்ஸு மேட்டுல ஏறுறப்ப கூட நடந்து வர்றவன் முந்திட்டுப் போவான், போறவன் சும்மா போவானா, டிக்கெட் வாங்கலாமுங்களான்னு கேட்டுட்டுப் போவான்." பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் பேசினால் யாராவது சிரித்துவிடுவார்கள், அப்படி ஒரு வாய். அந்த வாயால்தான் அன்றைக்கு, என்று நினைக்கத் தொடங்கிய தண்டபாணி அங்கேயே நின்றுகொண்டார், நடந்துகொண்டே மனசில் நின்றுகொண்டார். ராஜமாணிக்கத்தின் பேச்சால்தான் குழந்தை மனசு ஒடிந்தது. வீட்டில் அப்படித்தான் தெரியும். "ஏனுங்க," ராஜமாணிக்கம் குரலைத் தாழ்த்தினார், "உங்க வீட்டு அம்மிணிக்கு என்மேல ஏதாச்சும் கோவமுங்களா? வியாழக்கிழமை பேத்தி காதுகுத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தனுங்க. நீங்க கடைல இருந்தீங்க போல. வாசப்படியிலயே வாங்கிட்டு உள்ள போயிருச்சு. உக்காருங்கன்னு ஒரு வார்த்தை இல்ல, தண்ணி வேணுமான்னுகூடக் கேக்கல. வெயில்ல இந்தக் கால வெச்சுட்டு மாடியேறி வந்தனுங்க. என்ற சம்சாரம் சொல்லுது, நீங்க ஏதாச்சும் வாய வெச்சிருப்பீங்கன்னு. நான் ஒண்ணும் வெக்கலைங்களே?" ஒன்றும் வைக்கவில்லை. தண்டபாணி, "அவளுக்கு அன்னிக்குத் தலைவலிங்ணா" என்றார். சொன்ன உடனே, எத்தனை சுலபமாக வருகிறது என்று அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. ஒரு பொய் அடுத்த பொய்க்கு நாற்காலியை நகர்த்திப் போட்டுக் காத்திருக்கிறது. ராஜமாணிக்கம், "அட, தலைவலிங்களா, நான் வேற எதையெதையோ நெனச்சுட்டேன்" என்று சந்தோஷமாக நடந்தார். அவர் முதுகு தெரிந்தது. சட்டையில் வேர்வை ஒரு தீவு மாதிரி படர்ந்திருந்தது, வலது கால் ஊன்றும்போது தோள் கொஞ்சம் இறங்கியது, இறங்கி ஏறியது. அந்த முதுகைத்தான் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டும், வேறு வழி இல்லை, தாண்டக் கூடாது, ரூல். அன்றைக்கு அந்த இடத்தில் இன்னொரு முதுகு இருந்தது. சின்ன முதுகு, நீல நிறப் பனியன், இரட்டைச் சடை. இடது தோள் இறங்கி ஏறியது. அவள் வேகமாக நடக்கப் பார்த்தாள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை, பின்னால் இத்தனை பேர் காத்திருக்கிறார்கள் என்று தெரிந்து வேகமாக நடக்கப் பார்த்து, ஷூ சரளையில் தேய்ந்து, இன்னும் மெதுவாக ஆனாள். பின்னால் யாரோ கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பார்த்தாரா? பார்த்த மாதிரி இருந்தது. யாரோ கொட்டாவி விட்டார். இன்னும் கொஞ்ச நேரத்தில் யாராவது ஏதாவது சொல்லிவிடுவார்கள், ராஜமாணிக்கம் சொல்லிவிடுவார், அவர் வாய் நிற்காது, சொல்லிவிட்டால் என் மகளை நான் இல்லாதபோதும் சொல்வார்கள், அதற்கு முன்னால், அதற்கு முன்னால் நாமே, என்று தண்டபாணிக்கு ஓடியது, வாய் திறந்தது. "தேர் கெளம்பியாச்சு, எல்லாரும் வடத்தப் புடிங்கப்பா." அது தண்டபாணியின் குரல். ராஜமாணிக்கம் இல்லை. சொன்னது தண்டபாணி, பெற்ற அப்பா, அவள் பின்தலைக்குப் பின்னால் நின்றுகொண்டு சொன்னது. எல்லோரும் சிரித்தார்கள், தலைவரே சொல்லிவிட்டார் என்றால் சிரிக்கலாம் என்று நிம்மதியாகச் சிரித்தார்கள். ராஜமாணிக்கம் செய்ததெல்லாம் சிரிப்பு அடங்கின பிறகு "ரைட், ரைட்" என்றது மட்டும்தான், அதுவும் பேச்சை மாற்றுவதற்காகச் சொன்னாரோ என்னவோ. இரட்டைச் சடை திரும்பவில்லை. ஒரு சடை தோளுக்கு முன்னால் விழுந்திருந்தது, அதை எடுத்துப் பின்னால் போட்டுக்கொண்டாள், அவ்வளவுதான். பிறகு மதகு வரைக்கும் நடந்தாள், திரும்பியும் நடந்தாள். எந்த இடத்திலும் நிற்கவில்லை. நின்று அழுதிருந்தால் தூக்கிக்கொண்டிருக்கலாம்.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றி அலமாரியின் கீழ்த்தட்டில், பழைய செருப்புகளுக்குப் பின்னால் தள்ளி வைத்துவிட்டு, இனிமேல் வரமாட்டேன் என்றாள். சுகந்தி பால் டம்ளரோடு வந்து, ஏன் கண்ணு, என்றாள். "என்னையத் தேர்னு சொன்னாங்க." "ஆரு?" அந்த ஆரு என்கிற ஒரு சொல் கூடத்தில் நின்றது. மிருதுளா டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஊதினாள், ஆடையை விரலால் ஒதுக்கினாள். அவள் சொல்லப் போகிறாள் என்று தண்டபாணி முந்திக்கொண்டார், கடையில் எத்தனையோ பேரிடம் எத்தனையோ பேச்சுப் பேசியவர், பால் ஆடையை ஒதுக்குகிற ஒரு விரலுக்குப் பயந்துபோய், "வேற ஆரு, ராஜமாணிக்கந்தான், அவருக்கு எங்க வாய் நிக்குது" என்றார். மிருதுளா அவரைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. கணக்குச் சரியாக வந்ததா என்று விடையைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. பிறகு பாலைக் குடித்தாள். இன்றுவரை அம்மாவிடம் எதுவும் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை? அப்பாவைக் காட்டிக்கொடுக்க வேண்டாம் என்றா? அப்படியென்றால் அது அவள் சுமக்க வேண்டிய சுமையா? அல்லது அவளுக்கு உண்மையிலேயே தெரியாதோ, முன்னால் நடந்தவள், பார்த்திருக்க முடியாது, ராஜமாணிக்கம் என்றே நம்பிவிட்டாளோ. இந்த ஒரு சந்தேகத்தைப் பிடித்துக்கொண்டு இத்தனை நாள் ஓடியிருக்கிறது. ராத்திரி சாப்பிடும்போது அவள் ஒரு வார்த்தை பேசினால் இவருக்குச் சோறு நிற்கிறது. டிவியில் கோயில் தேரைக் காட்டினார்கள், எழுந்து போய்ச் சானலை மாற்றினார், சுகந்தி, நல்லாத்தான பாத்துட்டு இருந்தோம், என்றாள்.

மதகு வந்துவிட்டது. ராஜமாணிக்கம் மதகின் கட்டைச் சுவரில் காலை நீட்டி உட்கார்ந்தார், மற்றவர்கள் குளத்தின் பக்கம் பார்த்து நின்று கைகளைத் தூக்கி இறக்கிக்கொண்டிருந்தார்கள், கமலவேணி டீச்சர் கடைசியாக வந்து சேர்ந்து தண்ணீர் பாட்டிலைத் திறந்தார். தண்டபாணி ராஜமாணிக்கத்தின் பக்கத்தில் உட்கார்ந்தார். சொல்லிவிடலாமா? சொன்னால் என்ன ஆகும்? சங்கம் முழுக்கத் தெரியும், தலைவர் தன் பழியை இன்னொருத்தர் தலையில் போட்டவர் என்று. தெரியட்டுமே. தெரிந்தால் அடுத்த வாரம் எந்த முகத்தோடு ஒருவர் தோளில் கை வைப்பது? இப்போது மட்டும் எந்த முகத்தோடு வைத்தாய்? "வலி அதிகமாங்ணா?" என்றார். "வலி கெடக்குதுங்க. இதுக வேற." ராஜமாணிக்கம் பின்னால் கட்டைவிரலைக் காட்டினார். "இத்தன பேரு பின்னால வர்றாங்கன்னா ஒரு மாதிரி கூச்சமா இருக்குது. கழுத்து கூசுது. நானாவது பேசிச் சமாளிச்சுக்கறேன்." அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை, யாரையும் குறித்துச் சொல்லவில்லை, ஆனாலும் தண்டபாணிக்கு அந்த இரட்டைச் சடை ஞாபகம் வந்தது. "சுகந்திக்கு அன்னிக்குத் தலைவலி இல்லீங்ணா" என்றார். எப்படி வந்தது என்று தெரியவில்லை, வந்துவிட்டது. "அன்னிக்குப் பாப்பாவைத் தேர்னு சொன்னது நீங்கன்னு வீட்டுல சொல்லிட்டனுங்க." ராஜமாணிக்கம் முழங்கால் பட்டியைத் தளர்த்திக்கொண்டிருந்த கையை நிறுத்தினார். "நானா சொன்னேன்?" "இல்லீங்க. நான்தான் சொன்னேன்." "அதான பார்த்தேன், நீங்கதான சொன்னீங்க, எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதே," என்றார், அவ்வளவு நேரம் தன் ஞாபகத்தின்மேலேயே சந்தேகப்பட்டவர் மாதிரி. திட்டுவார் என்று தண்டபாணி காத்திருந்தார், திட்டினால் நன்றாக இருக்கும். "முப்பது வருஷம் பஸ்ஸுல நின்னவன், நான் வாங்காத ஏச்சில்லீங்க. சில்லறை இல்லாட்டியும் நான்தான், பஸ்ஸு லேட்டானாலும் நான்தான், மழை பேஞ்சா அதுவும் நான்தான். அது கெடக்குது போங்க." பட்டியை மறுபடி இறுக்கினார். "ஆனா ஒரு டம்ளர் தண்ணி, தலைவரே. அது எனக்கு மனசுல கெடந்து உறுத்திட்டே இருந்துச்சுங்க." பிறகு எழுந்து நின்று, "பாப்பாவுக்குத் தெரியுமுங்களா?" என்றார். அதுதானே கேள்வி.

திரும்பும் நடையில் ராஜமாணிக்கம் பேசவே இல்லை. விசில் இல்லை, கதை இல்லை. அவர் பேசாததால் பின்னாலும் யாரும் பேசவில்லை, சரளைச் சத்தம் மட்டும். தண்டபாணி வார்த்தைகளைக் கோத்துக்கொண்டு நடந்தார். கண்ணு, அப்பா தப்புப் பண்ணிட்டேன். வேண்டாம், அது அவளை மன்னிக்கச் சொல்கிற மாதிரி இருக்கிறது. கண்ணு, அப்பா அன்னிக்கு வேடிக்கையாத்தான் சொன்னேன். அது பொய், வேடிக்கையாகச் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னார், ஊரார் தன் மகளைப் பார்த்துச் சிரிக்கப் போகிறார்கள் என்று பயந்து முதல் ஆளாகத் தானே சிரித்துவைத்தார். அதைப் பத்து வயசுப் பெண்ணிடம் எப்படிச் சொல்வது? நான் உன்னைப் பார்த்து வெட்கப்பட்டேன் என்றா? வெட்கமா அது? அவர் அந்தச் சொல்லை எட்டிப் பார்த்துவிட்டு வேகமாக வெளியே வந்தார், அதிலிருந்து வந்த பிறகும் அது கூடவே வந்தது. அவள் பிறந்தபோது டாக்டர் காலைக் காட்டிச் சொன்னதும் சுகந்தி குழந்தையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள், இவர் முதலில் கதவைப் பார்த்தார், வெளியே உட்கார்ந்திருக்கிற சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று. அதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, தன்னிடமும் சொல்லிக்கொண்டதில்லை. இப்போது ஏன் வருகிறது? தூரத்தில் டீக்கடைப் புகை தெரிந்தது, பிறகு பெஞ்சு தெரிந்தது, பெஞ்சில் யாரும் இல்லை. குளம் அவ்வளவு பக்கத்தில் இருக்கிறது. ராஜமாணிக்கத்தைத் தாண்டி ஓடிவிட வேண்டும் என்று கால் எழுந்தது, அதற்குள் சரசக்கா விலகினார், அவருக்குப் பின்னால் மிருதுளா நின்றுகொண்டு கண்ணாடி ஜாடியிலிருந்து வர்க்கி பிஸ்கட் எடுத்துக்கொண்டிருந்தாள். எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்து பெஞ்சுக்குத் திரும்பினாள். யாரும் தன்னைப் பார்க்கவில்லை என்று நினைத்து நடக்கிறபோது அவள் நடை வேறு மாதிரி இருந்தது. அவசரம் இல்லை, தேய்க்கவில்லை, இடது தோள் இறங்கி ஏறியது, அது ஒரு தாளம் மாதிரிகூட இருந்தது. பிறகு கூட்டம் வருவதைக் கண்டாள், சட்டென்று உட்கார்ந்துகொண்டாள்.

எல்லோரும் டீக்கடைப் பக்கம் போனார்கள். தண்டபாணி பெஞ்சுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார், முகம் அவள் முகத்துக்கு நேராக வந்தது. கோத்து வைத்திருந்த வார்த்தை ஒன்றும் கையில் இல்லை.

"கண்ணு, அன்னிக்குத் தேர்னு சொன்னது..."

"நீங்கதானுங்க," என்றாள் மிருதுளா. புத்தகத்துக்குள் ஒரு விரலை வைத்து மூடினாள். "உங்க குரல் எனக்குத் தெரியாதுங்களா?"

"பின்ன ஏன் சாமி அம்மாகிட்ட சொல்லலை?"

"நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தனுங்க." வர்க்கியில் ஒரு கடி கடித்தாள். தூள் பாவாடையில் விழுந்தது, தட்டிவிட்டாள். "கண்டக்டர் தாத்தா பாவம். அம்மா அவருக்குத் தண்ணிகூடக் குடுக்கல. நான் குடுக்கலாம்னு எடுத்துட்டு வர்றதுக்குள்ள படியெறங்கிப் போயிட்டாருங்க. என்னால வெசையா வர முடியலை."

தண்டபாணி திரும்பி ராஜமாணிக்கத்தைப் பார்த்தார். டீக்கடையில் டம்ளர்கள் கழுவுகிற சத்தம் கேட்டது. "அவர்கிட்ட இப்பத்தான் சொன்னேன். அம்மாகிட்ட இன்னிக்கு வீட்டுக்குப் போனதும் சொல்லிடறேன்," என்றார். அவள் சரி என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. சொன்ன பிறகு பார்க்கலாம் என்பது போல இருந்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்கவில்லையே என்று அவருக்கு அப்போதுதான் உறைத்தது, அதற்குள் அந்த இடம் கடந்து போயிருந்தது.

"இப்ப வாய்க்கால் பாதையில போறோம். நீ வர்றயா கண்ணு? முன்னால வேண்டாம். கை தட்ட மாட்டாங்க. நடுவுல வா, இல்ல அப்பா பக்கத்துல வா, எங்க வேணுமோ அங்க. வேண்டாம்னா இப்பவே வீட்டுக்குப் போயிடலாம். அப்பா ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

மிருதுளா வாய்க்கால் பாதையைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் தென்னை, நடுவில் மண்பாதை, வாய்க்காலில் கெண்டைக்கால் அளவுத் தண்ணீர். டீ குடிக்கிறவர்களைப் பார்த்தாள். ராஜமாணிக்கம் தனியாக ஸ்டூலில் உட்கார்ந்து காலை நீட்டியிருந்தார். அவள் நிறைய நேரம் எடுத்துக்கொண்டாள், தண்டபாணி அவசரப்படுத்தவில்லை, அவசரப்படுத்தாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று முழங்கால் இரண்டும் சொல்லின.

"நீங்கெல்லாரும் போனதுக்கப்புறம் நான் வந்தா ஆகாதுங்களா?"

"பின்னாலயா? தனியாவா?"

"ஆமாங்க. ஆரும் திரும்பிப் பாக்கக் கூடாதுங்க. நீங்களும்."

யாரையும் பின்னால் விட்டுப் போகக் கூடாது என்பதற்காகத்தானே இந்தச் சங்கத்தில் எல்லாமே. வாயில் வந்ததை அவர் விழுங்கிக்கொண்டார். கமலவேணி டீச்சரிடம் சொல்லி அவரை மட்டும் கொஞ்சம் பின்னால் நிற்கவைக்கலாமா என்று மனசு ஓடியது. அப்படிச் செய்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். "அப்பாவுக்குப் பயமா இருக்குமே கண்ணு," என்றார். "எனக்கில்லீங்க," என்றாள்.

எல்லோரும் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பினார்கள், தண்டபாணியும் எழுந்தார். தென்னந்தோப்புத் திருப்பத்தைக் கடைசி ஆள் தாண்டுகிறவரைக்கும் பெஞ்சிலேயே இருப்பது, அதற்கப்புறம் தனியாக நடந்து வருவது என்று மிருதுளா முடிவு செய்தாள்.